கொக்குவிலில் நடக்கும் நிர்ப்பீடனக் கருத்தரங்கு: உயர்தரப் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு, பற்றிக் கொக்குவிலில் நடக்கிற இந்தக் கருத்தரங்குக்குக் கட்டாயம் அனுப்புங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை. கட்டணம் 2,500 ரூபாய். படிப்பிக்கிற சேர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ரியூட்டரியின் பெயரையும் நான் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் உயிரியல் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இடத்தைக் காட்டும்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். குருதி வகை பார்ப்பதும் டெங்குச் சோதனை செய்வதும் என் அன்றாட வேலை. பெறாமகனைக் கூட்டிக்கொண்டு போனபோது, விருப்பமான பெற்றோர் பின் வாங்கில் இருந்து கேட்கலாம் என்றார்கள். ஒரு பிழையான சொல் விழுந்தாலும் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இருந்தேன். பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

பல இடங்களில் இந்த அலகைத் தொடங்கும்போதே பலகையில் கோடு கீறி, ஒரு பக்கம் பிறப்பிலேயே உள்ளது, மறுபக்கம் பின்னர் பெற்றுக்கொண்டது என்று பிரித்து, குழியங்களின் பெயர்களை வரிசையாகக் கொட்டிவிடுவார்கள். பிள்ளை பாடமாக்கும், சோதனை முடிய மறந்துவிடும். இந்தச் சேர் பனங்கருக்கில் தொடங்கினார். வளவுக்குள் வெறுங்காலோடு ஓடின பெடியனின் காலைக் கருக்குமட்டை கிழித்துவிட்டது. தோல் திறந்தவுடன் பக்ரீரியா உள்ளே போகிறது. அங்கே உள்ள மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளிவிட, குருதி நாளங்கள் விரிகின்றன; இடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது. முதலில் ஓடி வருவது நடுநிலைநாடி, பின்னால் மக்ரோபேஜ்; இரண்டும் கிருமியை விழுங்குகிற வெண்குழியங்கள். விழுங்கி விழுங்கிச் செத்த குழியங்களும் பக்ரீரியாவும் சேர்ந்ததுதான் சீழ்.

"ரெண்டு நாளால என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"கவட்டில நெறி கட்டும், சேர்" என்றாள் முன் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை.

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு நிணநீர்க்கணுவுக்குப் போனார். காலிலிருந்து வடிகிற நிணநீர் கவட்டில் உள்ள கணுக்களுக்குத்தான் போகிறது, பிறபொருளெதிரியாக்கி, அதாவது உடம்பு அந்நியமென்று காணும் கிருமியின் பகுதி, அங்கே போய்ச் சேர, அதை அடையாளம் காணக்கூடிய நிணநீர்க்குழியம் பெருகத் தொடங்குகிறது, கணு வீங்குகிறது. நெறி கட்டினால் பயப்பட்டு எண்ணெய் தேய்க்கிற எங்கள் ஆட்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளங்கப்படுத்த முடியாது.

இந்த இடத்தில் அவர் அவசரப்படவில்லை. கிருமியைப் பார்த்து அளவெடுத்து உடம்பு பிறபொருளெதிரியை, அதாவது கிருமியில் ஒட்டுகிற புரதத்தை, புதிதாகச் செய்கிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பொருந்துகிற பி குழியம் (பிறபொருளெதிரி செய்கிற நிணநீர்க்குழியம்) கிருமி வருவதற்கு முன்பே உடம்பில் இருக்கிறது, கிருமி அதைத் தெரிந்தெடுத்துப் பெருக வைக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1957 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெற் முன்வைத்த கருத்து இது. பெருகினதில் ஒரு பகுதி பிறபொருளெதிரியைச் சுரக்கும், ஒரு பகுதி ஞாபகக் குழியமாகத் தங்கும். இவ்வளவும் விளங்கினால் தடுப்பூசி ஏன் வேலை செய்கிறது என்று தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. மற்ற வகை நிணநீர்க்குழியமான ரி குழியங்கள் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதையும், உதவும் ரி குழியம், கொல்லும் ரி குழியம் என்ற பிரிவையும் அடுத்து எடுத்தார். எச்ஐவி குறிவைப்பது உதவும் ரி குழியத்தை என்பதால் மற்ற எல்லாமே எப்படி ஆட்டம் காண்கிறது என்று காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது டெங்கு றிப்போட்டை வைத்து நடத்தின பகுதி. மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் இந்தத் தாளைக் காணாத வீடு குறைவு. பெயரை மறைத்த ஒரு றிப்போட்டைத் திரையில் போட்டார். என்எஸ்1 என்பது வைரசின் சொந்தப் புரதம், அதாவது பிறபொருளெதிரியாக்கி. காய்ச்சலின் முதல் நாட்களிலேயே பிடிபடும். ஐஜிஎம் எங்கள் உடம்பு செய்த பிறபொருளெதிரி. நாலைந்து நாள் போனால்தான் தெரியவரும். பிறபொருளெதிரியாக்கி, பிறபொருளெதிரி என்ற இரண்டு பெயர்களையும் குழப்பி அடிக்கிற பெறாமகன் அன்றைக்குப் பிறகு குழப்பவில்லை.

டெங்கு இரண்டாம் தரம் வந்தால் ஏன் மோசமாகலாம் என்று ஒரு பிள்ளை கேட்டது. வைரசில் நாலு வகை உண்டு. ஒன்று வந்து மாறினால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட பாதுகாப்பு. வேறு வகை வரும்போது பழைய பிறபொருளெதிரி அதில் ஒட்டும், ஆனால் முடக்காது. ஒட்டினதையே பிடியாக வைத்து வைரஸ் வெண்குழியங்களுக்குள் இன்னும் இலகுவாக நுழையும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று மா, கசாயம், குளிசை எல்லாம் விற்கிற காலத்தில் பிள்ளைகள் இதைக் கேட்டிருக்க வேண்டும். கூடினால் நல்லது என்ற கணக்கு இங்கே சரிவராது. ஒவ்வாமையும் மூட்டுவாதமும் எதிர்ப்பு இல்லாததால் வருபவை அல்ல.

இரண்டாம் நாள் காலையில் குருதி வகை பார்த்துக் காட்டினார். பிள்ளைகளில் குத்தவில்லை, புது லான்செற்றால் தன் விரலில்தான் குத்தினார். குத்தின லான்செற்றைக் கழித்துப் போட மூடியுள்ள பெட்டி பக்கத்தில் இருந்தது. வெள்ளை ஓட்டில் மூன்று இடத்தில் குருதித் துளி. அவற்றில் விட்ட பிறபொருளெதிரித் திரவங்கள் மூன்று: அன்ரி-ஏ நீலம், அன்ரி-பி மஞ்சள், அன்ரி-டி நிறமில்லாதது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு குச்சியால் கலக்கி ஓட்டை மெதுவாகச் சாய்த்தார். மஞ்சள் விட்ட துளியும் நிறமில்லாததும் மணல் மணலாகத் திரண்டன. நீலம் விட்டது வழவழவென்று அப்படியே ஓடியது. பி பொசிற்றிவ். இந்த வகைகளை லான்ட்ஸ்டைனர் 1901 இல் எழுதினார் என்பதைப் பாடமாக்கின பிள்ளைகள், திரளும்போது வாங்கை விட்டு எழும்பி வந்து பார்த்தார்கள். அதோடு குருதி வகை நெகற்றிவ் ஆன தாய்க்குப் பொசிற்றிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஏன் அன்ரி-டி ஊசி போடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தடுப்பூசிப் பகுதிக்கு எல்லாரையும் தங்கள் கிளினிக் கார்ட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் மற்ற ஊசிகள் என்று தங்கள் கார்ட்டிலேயே பார்த்தார்கள். பாம்புக்கடிக்குக் குதிரையின் பிறபொருளெதிரியை ஏற்றுவதும் தாய்ப்பாலில் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி வருவதும், உடம்பு தானே செய்யாமல் வெளியிலிருந்து வாங்குகிற பாதுகாப்புக்கு உதாரணம். இந்தப் பகுதி சாதாரணமாகப் போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உடம்பு தன்னையே தாக்குகிற நோய்கள் கடைசி முக்கால் மணித்தியாலத்துக்குள் ஓட்டப்பட்டன. அந்தத் தாக்குதலை அடக்குகிற ரி குழியங்கள் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025 இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். சேர் அதைத் தொடவே இல்லை. இரண்டு நாளில் ஒரு மணித்தியாலம் கூட்டினாலும் பிள்ளைகள் இருப்பார்கள். கொடுத்த குறிப்பில் பிறபொருளெதிரியின் படம் மங்கலாக அச்சாகி, பாரச் சங்கிலி எது, இலேசுச் சங்கிலி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மண்டபத்தில் பின் பக்கத்து மின்விசிறி வேலை செய்யவில்லை, அங்கே ஒலிபெருக்கியும் தெளிவாகக் கேட்காது.

ஆகவே நேரத்துக்குப் போய் முன் பாதியில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள். பெயர் பதிய ரியூட்டரிக் கந்தோருக்கு நேரில் போக வேண்டும், தொலைபேசியில் எடுக்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, கிளினிக் கார்ட்டையும் தேடி எடுத்து அனுப்புங்கள்.