கப்பலில் கரண்ட் போனால்: நேரடி டீசலா, டீசல்-எலெக்ட்ரிக்கா?

கன்டெய்னர் கப்பல்களில் மெதுவேக டீசல் எஞ்சினே புரொப்பெல்லர் தண்டைச் சுழற்றும், இதுதான் நேரடி டீசல். சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலும் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தர, மோட்டார்கள் சுழற்றும், இது டீசல்-எலெக்ட்ரிக்.

நேரடி டீசலுக்கு ஜெனரேட்டர் தேவையில்லை என்பது பாதி உண்மைதான். எஞ்சினின் கூலிங் வாட்டர், லூப் ஆயில் (உராய்வு குறைக்கும் எண்ணெய்) பம்புகள் கரண்டில் ஓடுபவை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கன்டெய்னர் கப்பலுக்கு நடந்தது இதுதான். ஒரு மின்கம்பியின் முனைக்கு மிக அருகில் லேபிள் உறை மாட்டியிருந்ததால் கம்பி டெர்மினலுக்குள் (கம்பியைச் செருகும் இணைப்பு) முழுதாக இறங்கவில்லை. அது நழுவியதும் டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர் விழுந்து மின்இணைப்பு துண்டானது, இந்தப் பம்புகள் ஓடும் 440 வோல்ட் பக்கம் இருண்டது. கூலிங் வாட்டர் அழுத்தம் குறைந்ததும் மெயின் எஞ்சின் தானே நின்றுவிட்டது. கரண்ட் திரும்பியும் நிலைக்கவில்லை. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் ஊட்டியது, குழாய்களைக் கழுவுவதற்கான ஃப்ளஷிங் பம்பு. கரண்ட் வந்தால் தானாக மீண்டும் ஓடத் தொடங்கும் வசதி அதில் கிடையாது. அழுத்தம் இறங்கி மறுபடி பிளாக்அவுட். அவசர ஜெனரேட்டர் சுக்கானுக்கு உயிர் கொடுத்தது, ஆனால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் மோதாவிட்டால் அதன் பிடி பெருமளவு போய்விடும். டக் படகுகளும் (இழுவைப் படகுகள்) அதற்குள் விலகியிருந்தன. கப்பல் ஒரு பாலத்தில் மோதியது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள்.

பின்னோக்கி ஓட்டலாமே என்றால், புரொப்பெல்லர் இறக்கைகளின் கோணம் மாறாத இந்த வகையில் எஞ்சினை நிறுத்தி, அழுத்தக் காற்றால் எதிர்த்திசையில் கிளப்ப வேண்டும். கப்பல் வேகத்தில் இருக்கும்போது அது லேசில் நடக்காது.

டீசல்-எலெக்ட்ரிக்கில் பிளாக்அவுட் ஆன நொடியே உந்துவிசை போகும். ஆனால் ஒரு ஜெனரேட்டர் எழுந்தாலே மோட்டாருக்குக் கொஞ்சம் தெம்பு வரும், திசை மாற்றவும் எஞ்சினை நிறுத்த வேண்டாம். இதன் எதிரி, எல்லா ஜெனரேட்டரையும் ஒரே காரணம் சாய்ப்பது. 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பல் சிக்கியது அப்படித்தான். நான்கில் ஒரு ஜெனரேட்டர் ஏற்கெனவே பழுது. மற்றவற்றின் சம்பில் (எண்ணெய் தேங்கும் அடித்தொட்டி) லூப் ஆயில் மட்டம் குறைவு. கப்பல் ஆடியபோது பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்க, அழுத்தம் விழுந்து ஒவ்வொன்றாக நின்றன. பாறையில் ஏறாமல் மயிரிழையில் தப்பியது.

குறுகிய கால்வாய்க்கு என் ஓட்டு டீசல்-எலெக்ட்ரிக்குக்கே. நடுக்கடலில் நேரடி டீசல் போதும், எரிபொருளும் மிச்சம். முன்னதில் புயலுக்கு முன் சம்ப் மட்டத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். பின்னதில் டெர்மினல் கம்பிகளை, கரண்டைத் துண்டித்துவிட்டு, லேசாக இழுத்துப் பாருங்கள். துறைமுகம் விடுமுன் எந்தப் பம்பு ஓடுகிறது, ஸ்டாண்ட்பை (மாற்று) பம்பு ஆட்டோவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.