வேகமான மெட்டலுக்கு கித்தார் செட்டப்: கோலாலம்பூர் ஈரத்தில் பல வருடம் வாசித்த அனுபவம்

வேகம் வரவில்லை என்று யார் சொன்னாலும் உடனே கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: ஆக்‌ஷனை இறக்கு. கம்பி ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் ஊறிக் கிடக்கிறது. செந்தூல் பக்கத்து ஜாமிங் ஸ்டூடியோக்களில் த்ராஷும் டெத் மெட்டலும் வாசித்து வந்த இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியானது வேறு. வேகமான ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரியில்) தடுக்குவது பெரும்பாலும் வலது கை. பிக் பட்ட கம்பி எவ்வளவு சீக்கிரம் அடங்கி அடுத்த அடிக்குத் தயாராகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது கம்பியின் இழுவிசை. ட்யூனிங், கம்பியின் தடிமன், ஸ்கேல் நீளம் (நெக் தலையிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) இந்த மூன்றும் சேர்ந்து அந்த இழுவிசையைக் கொடுக்கின்றன. ஆக்‌ஷன் எல்லாம் அப்புறம்.

என்னிடம் இரண்டு கித்தார். அதிகம் வாசிப்பது 25.5 அங்குல ஸ்கேல், போல்ட் போட்ட மேப்பிள் நெக், அசையாத பிரிட்ஜ். ட்ராப் சி ட்யூனிங்கில் (வழக்கமான ஈ-க்குப் பதில் தடித்த கம்பி சி-க்கு, மற்றவை ஒரு முழுச் சுரம் கீழே) 11-56 கம்பி (மெல்லியதும் தடித்ததும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருக்கிறேன். இன்னொன்று ஃப்ளாய்ட் ரோஸ் வகை அசையும் பிரிட்ஜ் உள்ளது, அது டி ஸ்டாண்டர்டில் (எல்லாக் கம்பியும் ஒரு முழுச் சுரம் கீழே) 10-52 கம்பியோடு இருக்கிறது. இந்த நிலைக்கு வந்தபிறகு பெரிதாக எதையும் மாற்றவில்லை.

ஏன் இந்தத் தடிமன்கள்? கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஈ-யிலிருந்து டி-க்கு ஒரு முழுச் சுரம் இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சி வரை இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். வழக்கமான 10-46 தொகுப்பில் அந்த 46 கம்பி 25.5 அங்குல ஸ்கேலில் ஈ-க்கு ட்யூன் செய்யும்போது ஏறக்குறைய 8 கிலோ இழுவிசையில் இருக்கும் (கம்பி தயாரிக்கும் டடாரியோ நிறுவனம் தன் கம்பிகளுக்கு இந்த அளவுகளை வெளியிடுகிறது, பார்த்துக்கொள்ளலாம்). அதே கம்பியை சி-க்கு இறக்கினால் 5 கிலோதான் மிஞ்சும். 5 கிலோவில் தொங்கும் கம்பியில் 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 தாளம்) வேகத்தில் ட்ரெமலோ பிக்கிங் (ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விடாமல் அடிப்பது) செய்து பாருங்கள், பிக் கம்பிக்குள் புதைந்துவிடும், கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சத்தம் குழைந்து வரும். 56 போட்டால் சி-யில் ஏறக்குறைய 7.4 கிலோ. டி-யில் 52 போட்டால் ஈ-யில் 46 கொடுக்கும் அதே 8 கிலோ. மேல் கம்பிகளுக்கும் இதே கணக்குதான், டி-யில் 11 கம்பி ஈ-யில் இருக்கும் 10 கம்பிக்கு மிக நெருக்கமாக வரும், அதனால் சோலோவில் பெண்ட் செய்யும்போது (கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றும்போது) விரலுக்குப் பழகிய கனமே இருக்கும்.

ஸ்கேல் நீளமும் அப்படியே. 24.75 அங்குல கித்தாரில் அதே கம்பி, அதே ட்யூனிங், ஆனால் இழுவிசை ஏறக்குறைய 6% குறைவு. லெஸ் பால் வகை வைத்திருப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு தடிமன் கூட்டிப் போடுங்கள்.

இதைச் சொன்னால் பிளாக் சப்பாத் கித்தாரிஸ்ட் டோனி அயோமி பெயரைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. அவர் தொழிற்சாலை விபத்தில் விரல்நுனிகளை இழந்தவர், விரலுக்கு நோகாமல் இருக்க மெல்லிய கம்பி போட்டு, 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் வரை இறக்கி வாசித்தார், மெட்டலே அங்கிருந்துதான் வளர்ந்தது என்பார்கள். உண்மை. ஆனால் அந்த ரிஃப்புகள் பெரும்பாலும் மெதுவானவை, தளர்ந்த கம்பி விரிந்து அதிர அவற்றில் நேரம் இருக்கிறது, அந்தக் கனமே அங்கிருந்துதான் வருகிறது. வேகத்துக்கு வரும்போது அந்த நேரம் கிடையாது. த்ராஷ் பேண்டான ஸ்லேயர் பெரும்பாலும் அரைச்சுரம் மட்டும் இறக்கி வாசித்தார்கள், அதில் இழுவிசை 11% போலத்தான் குறையும், கம்பி இன்னும் விறைப்பாகவே இருக்கும்.

எவ்வளவு நேரம் இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 200 பிபிஎம்மில் பதினாறாம் சுரங்கள் (ஒரு தாளத்துக்கு நான்கு அடி) என்றால் ஒரு விநாடிக்கு 13-க்கும் மேல் அடிகள், ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 75 மில்லி விநாடி. தாழ்ந்த சி கம்பி விநாடிக்கு 65 முறை அதிர்கிறது. அதாவது ஐந்து முறை முழுதாக அதிர்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. ட்யூனிங் விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். அழுத்தி அடித்த கம்பி முதலில் கொஞ்சம் ஏறிய சுருதியில் ஆரம்பித்து, பிறகுதான் இறங்கி நிலைக்கும். மெதுவாக வாசிக்கும்போது நிலைத்த சுருதி காதில் விழும். வேகமாக வாசிக்கும்போது அந்த ஏறிய முனை மட்டும்தான் விழும், நிலைக்கும் பகுதி வருவதே இல்லை. கம்பி எவ்வளவு தளர்வோ அவ்வளவு அதிகமாக ஏறும். ட்யூனரில் மெல்லத் தட்டி பச்சை விளக்கு வந்துவிட்டது என்று போகிறவர்கள் வேகமான ரிஃப்பில் பேஸ் கித்தாரோடு உரசுவது இதனால்தான். வாசிக்கும் அதே பலத்தில், அதே பாம் மியூட்டோடு (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை பிரிட்ஜ் பக்கம் அடக்கி) அடித்து, முள் முதலில் எங்கே பாய்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். அப்படிச் செய்தால் கீழ்க் கம்பி சும்மா தட்டும்போது ஒரு சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கிக் காட்டும், காட்டட்டும். இண்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) வைக்கும்போதும் இதே பலத்தில்தான் அடித்துப் பார்க்க வேண்டும், தடித்த கம்பிக்கு சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நன்றாகப் பின்னால் போகும்.

எங்கள் பேண்டுக்குப் பிறகு வந்த ஒரு பையன், கை நல்ல வேகம், ஒருநாள் ஸ்டூடியோவில் கேட்டான்: "அண்ணே, ஆக்‌ஷன் இதுக்கு மேல எறக்க முடியாது, ஆனா ரிஃப் மட்டும் தெளிவா வரலையே?" வாங்கிப் பார்த்தேன். 10-46 கம்பி, ட்ராப் சி, கம்பி ஃப்ரெட்டில் படுத்துக் கிடந்தது. "தம்பி, முதல்ல கம்பிய மாத்து, அப்புறம் கொஞ்சம் ஏத்து" என்றேன். டிஸ்டோர்ஷன் நிறைய வைத்தால் ஃப்ரெட்டில் உரசும் சத்தம் உரசலாகக் கேட்காது, ஆனால் கம்பியின் ஆற்றலை ஃப்ரெட் தின்றுவிடும், சுரம் பிறக்கும்போதே செத்துப் பிறக்கும். வேகத்தில் அது சேறு மாதிரிதான் கேட்கும். என்னுடையதில் 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 1.8 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்குக் கீழே 1.4. இதற்குக் கீழே போனால் லெகாட்டோ (பிக் அடிக்காமல் விரலாலேயே சுரம் எடுப்பது) கொஞ்சம் சுலபமாகும், ஆனால் டவுன்பிக் (கீழ்நோக்கி மட்டும் அடிக்கும்) ரிஃப் அடிவாங்கும், எனக்கு ரிஃப்தான் முக்கியம்.

இனி ஈரம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் செட்டப் குறிப்புகளில் நம் ஊர் நிலவரம் இருக்காது. இங்கே இரவில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், வீட்டில் விசிறி, ஸ்டூடியோவில் ஏர்கோன் எலும்பைத் துளைக்கும். மரம் இரண்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் மழையிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் என் நெக் முன்பக்கம் வளைகிறது, புகைமூட்டக் காலத்து வறட்சியில் நேராகிவிடுகிறது. எல்லா நெக்கும் இப்படியே நகரும் என்று சொல்ல மாட்டேன், மரத்துக்கு மரம் மாறும், உங்கள் நெக்கின் பழக்கத்தை நீங்கள்தான் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஃபீலர் கேஜ் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் கிடைக்கும், வால்வ் இடைவெளி பார்க்க மெக்கானிக் வைத்திருப்பதேதான். நான் 0.25 மில்லிமீட்டர் வைக்கிறேன். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டை) ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் திருப்புவதில்லை, திருப்பிவிட்டு மறுநாள் பார்ப்பேன், அதற்குள் மரம் நகர்ந்திருக்கும்.

ஸ்டூடியோவுக்குள் போனதும் முதல் வேலையாக உறையைத் திறந்து கித்தாரை வெளியே வைத்துவிடுங்கள். குளிரில் கம்பி சுருங்கி சுருதி ஏறும், நேரமாக ஆக ஆம்ப் சூடும் ஆட்கள் சூடும் சேர்ந்து இறங்கும். ட்ரம்ஸ்காரர் சிம்பல் மாட்டி முடிக்கும் நேரம் போதும், அதன்பிறகு ட்யூன் செய்தால் இடையில் நிறுத்த வேண்டியதில்லை.

ஃப்ளாய்ட் ரோஸ் பற்றி. ட்யூனிங்கைப் பூட்டி வைப்பதில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அது ஸ்பிரிங்குக்கும் கம்பிக்கும் இடையிலான சமநிலையில் மிதப்பது. ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும், தடிமன் மாற்றினால் பின்பக்கம் ஸ்பிரிங்கையும் சரிசெய்ய வேண்டும். அதைவிட முக்கியம், வேகமான பாம் மியூட்டில் கை பிரிட்ஜை அழுத்தும்போது எல்லாக் கம்பியும் சேர்ந்து சுருதி ஏறும். என் இரண்டாவது கித்தாரில் பின்குழியில் ஒரு மரத்துண்டை வைத்து பிரிட்ஜ் பின்னால் போகாதபடி அடைத்திருக்கிறேன், டைவ் (சுருதியைக் கீழே இறக்குவது) மட்டும் அடிக்கலாம். ரிதம் வாசிப்பவர்களுக்கு அசையாத பிரிட்ஜே போதும் என்பதுதான் என் தீர்ப்பு.

பிக்கப் உயரம், கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுதாக. அது தாழ்ந்த ஒலிகளைக் கத்தரித்துவிடுவதால் சி கம்பி ஆம்பில் போய் வீங்காது. கெயின் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள்.

சிங்கப்பூர் மெட்டல் பேண்டான ருத்ராவைக் கேட்டு இந்தப் பக்கம் வந்த நம் பிள்ளைகள் நிறைய, அவர்களில் பலர் கித்தார் வாங்கியதும் கம்பியை மட்டும் தடிமனாக்கிவிட்டு நட்டை (நெக் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டை) தொடுவதில்லை. 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 56 உட்காராது. ட்யூனிங் குமிழைத் திருப்பும்போது டிங் என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதித்தால் கம்பி நட்டில் மாட்டுகிறது என்று அர்த்தம். சரியான அரம் வைத்துப் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுங்கள், ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கம்பி ஆயுள் நம் வியர்வையில் குறைவுதான், பூச்சுள்ள கம்பி விலை கூடுதலானாலும் துரு பிடிக்காமல் நிற்கிறது, வாசித்ததும் உலர்ந்த துணியால் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள்.

பினாங்கில் ஒரு நண்பரின் 27 அங்குல பாரிடோன் (நீண்ட ஸ்கேல்) கித்தாரில் எங்கள் ரிஃப்புகளை வாசித்துப் பார்த்தேன். 25.5-ஐவிட 12% கூடுதல் இழுவிசை, கீழ்க் கம்பி கல்லு மாதிரி நிற்கிறது. ஆனால் முதல் நான்கு ஃப்ரெட்டில் விரல் விரிப்பு அதிகம், எங்கள் பாட்டுகளில் பாதி அங்கேதான் ஓடுகிறது. அதனால் 25.5-லேயே இருந்துகொண்டு 56-க்குப் பதில் 58 போடப் போகிறேன், சி-யில் அது ஏறக்குறைய அந்தப் பழைய 8 கிலோவுக்கு வரும். நட்டை மட்டும் இன்னொரு முறை அரம் போட வேண்டும்.