டேஷ்போர்டைக் கழற்ற விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காருக்குள் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்ததால் என் காரின் டேஷ்போர்டை இரண்டு தடவை கழற்ற வேண்டியதாகிவிட்டது. முதல் தடவை கழற்றியதற்கு எந்த அவசியமும் இல்லை. அதற்கும் நான்தான் பணம் கட்டினேன்.

முதலில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடம் ஈரமானது. அப்புறம் ஹீட்டர் போட்டால் திகட்டுகிற மாதிரி ஓர் இனிப்பு வாடை. முன் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தது. துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய் தடவியது போல இழுபட்டது. கூலண்ட் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டு கிடையாது.

இவ்வளவையும் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏ.சி. தண்ணிதான் சார். கூலிங் காயில் போயிடுச்சு, மாத்தணும்" என்றார். குளிர்காலம், நான் ஏ.சி.யைப் போட்டே பல வாரம் ஆகிறது என்றேன். காதில் வாங்கவில்லை. இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. கூலிங் காயில் என்பது ஏ.சி.யில் காற்றைக் குளிர்விக்கும் பாகம், அது ஓட்டையானால் கசிவது கேஸ்தான், தண்ணீர் அல்ல. ஏ.சி. தண்ணீர் உள்ளே வழிந்தால் பெரும்பாலும் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். அதைக் குத்திவிட்டாலே போதும், காயிலை மாற்ற வேண்டியதில்லை.

டேஷ்போர்டு இறங்கியது, புதுக் காயில் ஏறியது. ஒரு வாரத்தில் அதே இடத்தில் அதே ஈரம். திரும்பப் போனபோது ரேடியேட்டரில் ஓட்டை அடைக்கும் பவுடரைக் கொட்டி அனுப்பினார். ஈரம் நிற்கவில்லை. ஹீட்டரில் வந்துகொண்டிருந்த சூடும் குறைந்துபோனது. அந்தப் பவுடர் கசிகிற இடத்தை மட்டும் தேடிப் போய் அடைக்காது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் ரேடியேட்டரிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். மூன்றாம் தடவை போனபோது, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார். அது இன்ஜினின் மேல் பகுதிக்கும் அடிப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீல். அது போயிருந்தால் வழக்கமாக வரும் வெள்ளைப் புகை புகைக்குழாயில் இல்லை, இன்ஜின் ஆயிலும் பால் கலந்த மாதிரி வெளுக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் போட்டுப் பாத்தாங்களா சார்?" இல்லை என்றதும் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கார்ப்பெட்டில் அழுத்தி எடுத்தார். காகிதத்தில் பச்சைக் கறை, கூலண்டின் நிறம். அதை இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினார், பிசுபிசுத்தது. ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை, இனிப்பு வாடையும் இல்லை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார் (சூடாக இருக்கும்போது தயவுசெய்து யாரும் அதில் கை வைக்காதீர்கள், கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்). அந்த இடத்தில் கையால் அடிக்கும் பம்ப் ஒன்றைப் பொருத்தி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு, 0.9 பார், அழுத்தம் ஏற்றினார். இரண்டு பேரும் பம்பில் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக இறங்கியது. இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரின் வழியாக ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும், அவற்றின் கிளாம்ப்புகளையும் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. பிறகு அந்த ஹோஸ்களைக் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தம் ஏற்றினார். கால் மணி நேரமாகியும் முள் அசையவில்லை. கூலண்ட் ஓடும் சுற்றிலிருந்து ஹீட்டரை விலக்கியதும் கசிவு நின்றுவிட்டது என்றால், ஓட்டை ஹீட்டர் பக்கம்தான். மொத்தம் ஒரு மணி நேர வேலை, ஒரு ஸ்க்ரூகூட டேஷ்போர்டில் கழற்றவில்லை.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும், சூடான கூலண்ட் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர். என் காரில் அது கூலிங் காயில் இருக்கும் அதே பெட்டிக்குள், அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதாவது முதல் ஒர்க்‌ஷாப்பில் காயிலை மாற்றியபோது கசிகிற கோர் அவர்கள் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. பெரியவரின் இடத்தில் டேஷ்போர்டை மறுபடி இறக்கி, பழைய கோரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஓரத்தில், தகடு சேரும் இடம் நெடுக வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. ஒரே நாளில் வருகிற பூப்பு அல்ல அது.

மாற்றிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு கூலண்டைக் குடித்து வைத்திருக்கும். அதை எடுத்துக் கழுவிக் காயவைக்காவிட்டால் வாடை போகாது, தரைத் தகடும் துருப்பிடிக்கும். வீட்டில் குழந்தைகளோ நாயோ பூனையோ இருந்தால் இன்னும் கவனம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில்லை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அதில் "ஏ.சி. வேலை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நான் கசிவு என்று சொல்லி வண்டியை விட்டதற்கு எழுத்தில் எதுவுமே இல்லை. ஏ.சி. நன்றாக வேலை செய்கிறதே என்றார்கள்.