இடுப்பு எலும்பின் மேல் நிற்கும் பற்கள்: 11 வருட அனுபவம்

முழுப் பல்செட் மாட்டியவர்களுக்குத் தும்மல் வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். தாடை எலும்பில் இறக்கிய டைட்டானியம் திருகுகளின் (இம்பிளான்ட்) மேல் பற்கள் பொருத்திக்கொண்டதால், எனக்கு அந்தத் தேவை போய் 11 வருடம் ஆகிறது. ஆனாலும் எப்போதாவது கை எழும்பிப் பாதியில் நிற்கும்.

அதற்கு முன் 14 வருடம் பல்செட்டோடு ஓட்டினேன். தொடக்கத்தில் கச்சிதமாக இருந்தது. அப்புறம் பசை இல்லாமல் நிற்காது, கடைசியில் பசை போட்டும் நிற்காது என்றானது. செட்டில்தான் கோளாறு என்று மூன்று முறை புதிதாகச் செய்துகொண்டேன். கோளாறு அதற்கு அடியில் இருந்தது. பல்லின் வேர் இருந்து வேலை வாங்கும்வரைதான் தாடை எலும்பு தன் உயரத்தைக் காப்பாற்றும். வேர் போனதும் கரையத் தொடங்கும். மேல் தாடையில் கூடவே சைனஸ் அறையும் (கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை) கீழே இறங்கிவரும். ஸ்கேனில் பார்த்தபோது கடைவாய்ப் பக்கம் மிஞ்சியிருந்தது 2, 3 மி.மீ. எலும்பு. 10 மி.மீ. நீளத் திருகை அதில் எங்கே இறக்குவது?

ஆகவே முதலில் எலும்பு ஒட்டு. முழு மயக்கம் கொடுத்து இடுப்பு எலும்பின் மேல்விளிம்பிலிருந்து வெட்டியெடுத்து, சைனஸின் அடிச் சவ்வைத் தூக்கி அதன் கீழும், தாடையின் முன்பக்க விளிம்பின் மேலும் வைத்தார்கள். வாயைப் பற்றித்தான் பயந்துகொண்டு போனேன். படுத்தியது இடுப்பு. பத்து நாள் கைத்தடி. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனது, உள்ளங்கை அளவுக்கு இன்றும் உணர்ச்சி குறைவு. அங்கே ஓடும் ஒரு தோல் நரம்பு இழுபட்டால் இப்படி ஆகுமாம். ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துகொண்டுதான் தும்ம வேண்டும். செட்டும் மாட்டக் கூடாது. ஒட்டின் மேல் அழுத்தம் விழுந்தால் வைத்த எலும்பும் கரைந்துவிடும்.

ஐந்து மாதம் கழித்து மேலே 7 டைட்டானியம் திருகுகள். அதிகம் காத்திருந்தாலும் ஒட்டெலும்பு கரையும், அவசரப்பட்டாலும் பிடிக்காது என்பதால் அந்தக் கணக்கு. ஈறுக்குள் மூடிவைத்து மேலும் ஆறு மாதம். திறந்து மூடியைத் திருகியபோது ஒரு இம்பிளான்டும் கூடவே சுற்றியது. வலியே இல்லை, அதனால்தான் நம்ப முடியவில்லை. எலும்போடு சேராத திருகு அப்படித்தான் வெளியே வரும் என்றார் மருத்துவர். மீதி ஆறின் மேல் நிலையான பிரிட்ஜ் (நாமாகக் கழற்ற முடியாத பல்வரிசை) ஏறியது. முதல் அறுவையிலிருந்து கணக்கிட்டால் 14 மாதம்.

கீழ்த் தாடை கதை சின்னது. முன்பக்கம் எலும்பு மிச்சமிருந்ததால் ஒட்டு தேவைப்படவில்லை. இரண்டே இம்பிளான்ட், அதில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும் பல்செட். பிடிக்கும் நைலான் வளையங்கள் தேயும்போது மாற்றினால் போதும்.

முதலில் தெரிந்த மாற்றம் அண்ணம். பிளாஸ்டிக் மூடி போனதும் சாப்பாட்டின் சூடும் குளிர்ச்சியும் திரும்பக் கிடைத்தன. ஆனால் இதைச் சொந்தப் பல் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள நார்த்திசு இங்கே இல்லை, டைட்டானியம் நேராக எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது மங்கலாகத்தான் தெரியும். பிரிட்ஜுக்கும் ஈறுக்கும் நடுவே காற்று போவதால் ‘ஸ’ சொன்னால் விசில் வரும். மூன்று மாதத்தில் நாக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

மூன்றாம் வருடம் மெல்லும்போது ‘கிளிக்’ என்று சத்தம். பிரிட்ஜை இம்பிளான்டோடு பிணைக்கும் சிறு திருகு ஒன்று தளர்ந்திருந்தது. இப்படிக் கேட்டால் அன்றே போய்விடுங்கள். ஒன்று தளர்ந்தால் பாரம் மற்றவற்றின் மேல் ஏறி அவை முறியலாம். ஆறாம் வருடம் முன்பல் ஒன்றின் அக்ரிலிக் உடைந்தது. அரை நாள் வேலை.

எட்டாம் வருடம் நடந்தது என் தப்பு. பல் இல்லாதவனுக்குப் பல் தேய்க்கும் வேலை எதற்கு என்று ஒரு மெத்தனம். இரவில் பிரிட்ஜுக்கு அடியில் சுத்தம் செய்வதை விட்டுவிட்டேன். இம்பிளான்டுக்குச் சொத்தை வராது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு புண்ணாகி எலும்பு கரையலாம், அதுவும் வலிக்காமல். ஒரு திருகைச் சுற்றி ரத்தம் கசிந்தது. பிரிட்ஜைக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். எக்ஸ்ரேயில் அங்கே 2 மி.மீ. எலும்பு போயிருந்தது, அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தினம் பத்து நிமிடம்: தண்ணீர் பீய்ச்சும் கருவி, இடுக்கு பிரஷ், நடுவில் பஞ்சுபோல் உப்பிய நூல். புகை பிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். இருவருக்குமே ஆபத்து அதிகம்.

அறுவைக்கு முன் எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு தகவல். ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற ஆய்வாளர் 1965-ல் முதன்முதலாகத் தாடையில் டைட்டானியம் பொருத்திய நோயாளி, 2006-ல் இறக்கும்வரை அதே இம்பிளான்ட்களோடு இருந்தார். 40 வருடத்துக்கு மேல்! என் மேல்வரிசைக்கு அவ்வளவு கேட்கவில்லை.

இன்னொரு முறை செய்துகொள்வாயா என்று கேட்கிறார்கள். பற்களுக்காகச் செய்வேன். இடுப்பைத் திறப்பதற்கு முன் மட்டும் வேறு கேள்விகள் கேட்பேன். எனக்குத் தேவையான அளவுக்கு மாட்டெலும்புத் துகள் போதாதா? திருகைச் சாய்த்து இறக்கினால் சைனஸைத் தொடாமல் தப்ப முடியாதா? கன்ன எலும்பில் ஊன்றும் நீள இம்பிளான்ட் எனக்குச் சரிவருமா? அன்று எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.