அழியாத கோப்புகளை மீட்டதாகச் சொல்லி ரூ.6,500 வாங்கினார்கள்: கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்போர் கவனத்திற்கு

கடந்த மாதம் என் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் இருந்த 11 ஆண்டு வேலை முழுவதும் வைரஸால் அழிந்துவிட்டது என்று சொல்லி, அதை மீட்டுத் தருவதற்காக ஒரு கடையில் ரூ.4,500 வாங்கினார்கள். அந்தக் கோப்புகளில் ஒன்றுகூட அழியவில்லை என்பதும், இருந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன என்பதும் பணம் கொடுத்து 9 நாட்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஒரு நூலின் மெய்ப்பை அச்செடுக்கத் திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோனேன். நாள் முழுவதும் எத்தனையோ பேருடைய பென் டிரைவ்கள் செருகப்படும் கணினி அது. வீட்டுக்கு வந்து என் மடிக்கணினியில் போட்டபோது, ஒவ்வொரு ஃபோல்டரின் ஓரத்திலும் சிறிய அம்புக்குறி ஒன்று இருந்தது. தட்டினால் ஃபோல்டர் வழக்கம்போலவே திறந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த ஷார்ட்கட் (குறுக்குவழி) வைரஸ் இயங்கும் விதமே அதுதான்: உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கிறது, நாம் அதைத் தட்டும்போது முதலில் தன்னைக் கணினியில் பதித்துக்கொண்டு, பிறகு நாம் கேட்ட ஃபோல்டரையும் திறந்து காட்டுகிறது. அதன் பிறகு செருகப்படும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பரவுகிறது. இரண்டு நாட்களில் என் ஹார்ட் டிஸ்க்கில் ஃபோல்டர்களுக்குப் பதில் குறுக்குவழிகள் மட்டுமே தெரிந்தன, அவையும் திறக்கவில்லை.

பதற்றத்தில் மடிக்கணினியையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு, அண்ணா சாலைக்கு அருகில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கும் கடைக்குப் போனேன். அந்தப் பகுதியில் நேர்மையாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும். நான் போனது அவர்களிடம் அல்ல. அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டேட்டா எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ரெக்கவரி போட்டுத்தான் எடுக்கணும், எவ்வளவு வரும்னு கேரண்டி கிடையாது" என்றார். மூன்றாம் நாள் எல்லாக் கோப்புகளும் கிடைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மீட்டதற்கு ரூ.4,500, விண்டோஸ் மறுபடி நிறுவியதற்கு ரூ.800, ஓராண்டு ஆன்டிவைரஸுக்கு ரூ.1,200 என்று மொத்தம் ரூ.6,500க்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கடையின் பெயரோ, ஜிஎஸ்டி எண்ணோ அதில் இல்லை. நான் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிண்டியில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது, கடைக்குக் கொண்டுபோகாமல் மேசையிலேயே விட்டிருந்த அந்தப் பென் டிரைவை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் வேறொரு இயங்குதளத்தில் ஓடும் தன் கணினியில் செருகினான். "அத்தை, எல்லாமே உள்ளேயே இருக்கே" என்றான். லினக்ஸில் அந்த மறைப்பு செல்லாது. விண்டோஸிலோ, மறைந்த கோப்புகளைக் காட்டு என்று சொன்னாலும் இவை தெரிவதில்லை, ஏனென்றால் வைரஸ் இவற்றை இயங்குதளத்தின் கோப்புகள் என்றும் குறித்துவிடுகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் 'அட்ரிப்' (attrib) என்னும் கட்டளையை ஒரே வரி கொடுத்து அந்தக் குறிகளை நீக்கினால் அனைத்தும் திரும்பிவிடும். டிஸ்க் வெறுமையாகத் தெரிந்தாலும் அதன் பிராப்பர்டீஸில் நிரம்பிய அளவு குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே இது விளங்கியிருக்கும். உண்மையாக அழிந்தவற்றை மென்பொருள் கொண்டு மீட்கும்போது பெயர்களும் அடுக்கும் பெரும்பாலும் சிதைந்திருக்கும். எனக்கு வந்தவையோ பெயரும் தேதியும் அடுக்கும் கொஞ்சமும் மாறாமல் வந்திருந்தன.

பணம் போனதைவிட மடிக்கணினியில் அவர்கள் செய்திருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வாங்கும்போதே அதில் உரிமம் பெற்ற விண்டோஸ் ஹோம் இருந்தது. அந்த உரிமம் கணினியின் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செல்லுபடியாகும். அவர்கள் அதை அழித்துவிட்டு ப்ரோ பதிப்பை, உரிமம் இல்லாமலே இயங்கவைக்கும் ஆக்டிவேட்டர் என்னும் திருட்டு மென்பொருள் மூலம் நிறுவியிருந்தார்கள். அந்த ஆக்டிவேட்டரை விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதற்காக, சி டிரைவ் முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கியிருந்தார்கள். ரூ.1,200க்கான ஆன்டிவைரஸ் என்று எதுவுமே இல்லை. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் மட்டுமே இருந்தது, அதுவும் காவல் காக்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் இருக்கும்படி. கேடயச் சின்னத்தில் பச்சைக் குறி தெரிந்துகொண்டே இருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. பழுதுபார்த்து வந்த கணினி எதுவாக இருந்தாலும், விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் (சோதனையிலிருந்து விலக்கியவை) பட்டியல் காலியாக இருக்கிறதா என்று தயவுசெய்து அன்றைக்கே பாருங்கள்.

வைரஸை மட்டும் நீக்குவதாக இருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டியிருக்கலாம். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் இயங்குமுன்பே சுமார் 15 நிமிடத்தில் சோதித்துவிடும். ஆக்டிவேட்டர் புகுந்த கணினியை அப்படி நம்ப முடியாது என்பதால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்பை எடுத்து, மடிக்கணினி டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு ஹோம் பதிப்பை நிறுவினோம். மற்றொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வேலைகளைப் படியெடுத்து, அதைக் கணினியில் செருகாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு இப்போது மின்னஞ்சலில் பிடிஎஃப் மட்டுமே அனுப்புகிறேன்.

ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ரசீதும் இல்லாமல், யுபிஐ பதிவும் இல்லாமல், நான் பணம் கொடுத்ததையே காட்ட முடியாத நிலையில் இருக்கிறேன். திரும்பப் போய்க் கேட்டபோது, மீட்டது உண்மைதான் என்று சாதித்துவிட்டு, ரூ.1,200ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

கணினியை விட்டு வரும்போது அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டச் சொன்னார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். பிரவுசரில் என் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருந்தன. அவை எல்லாவற்றையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் அச்சாகாத மூன்று நூல்கள் இருந்தன. அவற்றை எழுதிய மூவரையும் அழைத்து, அவர்களுடைய பிரதி மூன்று நாட்கள் முன்பின் தெரியாதவர்கள் கையில் இருந்தது என்பதைச் சொன்னேன்.