புன்னைக்காயலா, மணப்பாடா? கழிமுகத்தில் ஓட எந்தப் பாதை

தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். கருமேனியாறு கடலில் சேரும் இடம் மணப்பாடு. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டுமே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இன்றைக்கும் கடற்கரை என்றால் இந்தப் பக்கம்தான். 1989-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் கரையோரத்தில் இரண்டு ஊரும் வருகின்றன. விடியக்காலம் வண்டியில் கிளம்பி வந்து இங்கே நெடுந்தூரம் ஓட நினைப்பவர்கள் கேட்கிற கேள்வி, எந்த ஊர் நல்லது என்பது. எந்த மாதத்தில் ஓடப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் புன்னைக்காயல். ஆத்தூரில் தொடங்குங்கள். தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் முக்காணிப் பாலம் தாண்டியதும் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, வாய்க்கால் என்று ஓட்டத்தின் முதல் பகுதி முழுக்கப் பச்சை. ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காலை ஈரத்தில் அந்தக் கொடிக்கால் ஓரம் மூச்சை இழுத்துவிட்டு ஓடுவது தனிச் சுகம். அடுத்து சேர்ந்தபூமங்கலம். நவகைலாயங்களில் கடைசிக் கோயில் இங்கேதான். அதைத் தாண்டியதும் மரங்கள் குறையும், மண் வெளுக்கும், உப்பு வாடை வரும், உப்பளம் கண்ணில் படும். கடைசியில் அலையாத்திக் காடும் ஆற்றுமுகமும் மீனவர் ஊரும். போய்த் திரும்பினால் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. முழுக்கச் சாலை, ஏற்ற இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. நேரம் பார்த்து ஓடுபவர்களுக்கு இதைவிட நல்ல தரை இந்தக் கரையில் நான் பார்க்கவில்லை.

அந்தத் தரையே ஆறு கொண்டுவந்து போட்டதுதான். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த காயல் துறைமுகம் இப்போதைய பழையகாயல் என்கிறார்கள். அங்கேயும் கடல் பின்வாங்கிவிட்டது. வண்டல் சேரச் சேர ஊர்கள் கடலைத் தேடிக் கிழக்கே நகர்ந்திருக்கின்றன. அந்த வரிசையில் கடைசி ஊருக்குத்தான் நாம் ஓடுகிறோம்.

இந்தப் பாதையின் சிக்கல் காற்று. சாலை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும்போது போகிற வழியில் முதுகைத் தள்ளிவிடும். கால் தானாகப் போகிறது என்று வேகம் பிடித்தால், திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். வெயிலும் அதற்குள் ஏறியிருக்கும். அந்த மாதங்களில் முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாக ஓட வேண்டும். மார்கழி, தையில் வாடைக்காற்று. போகும்போது கொஞ்சம் எதிர்க்கும், களைத்துத் திரும்பும்போது துணைக்கு வரும். ஜனவரியில் சூரியன் ஆறரை தாண்டித்தான் உதிக்கிறது என்பதால் பாதி ஓட்டம் குளிர்ச்சியிலேயே முடிந்துவிடும்.

மணப்பாடு வேறு விதம். குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே ஊர், ஊரை ஒட்டிக் கருமேனியாற்றுக் கழி, கழிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. அழகை மட்டும் பார்த்தால் மணப்பாட்டுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. 1542-இல் சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லும் குகையும் அந்தக் குன்றில்தான் இருக்கிறது. ஓட்டம் முடிந்து அங்கே ஏறி நின்றால் ஓடிய தடம் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம்.

ஆனால் ஓடுவது மணலில். கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் மணலில் செலவாகும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் அதைச் சொல்லாமலே உணரும். ஆத்தூர்ச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர் இங்கே ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஈர மணல்தான் கெட்டி. அது வத்தத்தில்தான், அதாவது கடல் நீர் வடிந்து இறங்கும் நேரத்தில்தான் கிடைக்கும். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை, ஆகவே கெட்டியான தடம் ஒடுக்கமாகத்தான் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் அகலும். வத்த நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் அமைந்த நேரம் இந்த வாரம் அமையாது. கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். போன தடத்திலேயே திரும்பினால் இரண்டு முழங்காலுக்கும் பாரம் சமமாகும். கழிப் பக்கம் சேறு. "அந்தால போகாதீங்க தம்பி, பொதபொதன்னு உள்ள இழுத்துரும்" என்று வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். அப்படி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வெள்ளம் மணலை உடைத்து முகத்தை மாற்றிப்போடும் கழி இது. நேற்று நடந்த இடத்தில் இன்றைக்குத் தண்ணீர் ஓடலாம்.

என் தேர்வை முடிவு செய்வது இவை எதுவும் இல்லை. பறவைகள்தான். ஐப்பசியிலிருந்து மாசி, பங்குனி வரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் வடக்கேயிருந்து வந்து இந்தக் கழிகளில் தங்குகின்றன. சேறு வெளியே தெரியும்போதுதான் அவற்றுக்குப் புழுவும் நண்டுக்குஞ்சும் கிடைக்கும். நமக்குக் கெட்டி மணல் கிடைக்கும் அதே வத்த நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. கொசு உள்ளான் சுமார் இருபத்தைந்து கிராம் எடை. அது சைபீரியாவின் வடகோடி வரை திரும்பிப் பறக்க வேண்டும். ஒவ்வொரு முறை நாம் கிட்டே ஓடி அதைக் கிளப்பும்போதும் அது சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது. மணப்பாட்டு மணல் திட்டில் ஓடுபவருக்கும் அதற்கும் நடுவே மறைப்பு எதுவும் இல்லை. புன்னைக்காயலில் நாம் சாலையில் இருக்கிறோம். வண்டி போகிற வழி அது, பறவைகளுக்குப் பழகிய ஓசை. அலையாத்தி ஓரம் இறங்கி மூச்சுவேர்களை மிதிக்காமல் இருந்தால் போதும். ஆகவே பனிக்காலம் முழுக்கப் புன்னைக்காயல். சித்திரைக்கு மேல் மணப்பாடு, அதுவும் ஈர மணலை விட்டு மேலே ஏறாமல். காய்ந்த மணலில் முட்டையிடும் பறவைகளும் உண்டு.

பழையகாயல் பக்கத்து உப்பள வரப்புகளில் ஓடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது வேலை நடக்கும் இடம், விடியும் முன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நெடுங்கால் உள்ளான் வெயில் காலத்தில் வரப்பிலேயே முட்டை வைக்கும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் காலுக்கு நல்ல பயிற்சி, ஆனால் கழிமுகம் தேடி வருபவருக்கு அது வேறு ஊர். கூந்தன்குளத்தை ஓட்டப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். 1994-இல் சரணாலயம் ஆன அந்தக் குளம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்கு வந்தது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே நடந்து போய்ப் பாருங்கள்.

இன்னும் சில விவரங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை எச்சரிக்கை இருந்தால் இரண்டு ஊருக்குமே போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் புன்னைக்காயலுக்குத் தெற்கே அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தனித்தனியாகத் துண்டிக்கப்பட்டன. செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருவிழா, அதை அடுத்துப் பக்கத்து ஊரான குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா. அந்த நாட்களில் ஓட இடம் இருக்காது. ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதால் வள்ளமும் வலையும் கரையில் கிடக்கும். வலையை மிதிக்காமல் சுற்றிப் போகவும், பூசை நேரத்தில் கோயில் வாசலில் சட்டையில்லாமல் நிற்க வேண்டாம். மணப்பாட்டில் வெறுங்காலில் ஓடுவதும் சரியில்லை, உடைந்த சிப்பியும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் இருக்கும். பனை ஏறும் பருவத்தில் உடன்குடிப் பக்கம் பதநீர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இருபது முப்பது பேர் சேர்ந்து ஓடும் குழு என்றால் எந்த மாதமானாலும் ஆத்தூர்ச் சாலைக்கே வாருங்கள். மணப்பாட்டு மணல் திட்டு இரண்டு மூன்று பேருக்கு மேல் தாங்காது.