அழகப்பர் மாதிரி வாழ்க்கையா, ஆத்தங்குடி கல்லு போடுற வாழ்க்கையா?

காரைக்குடில வாழ்ந்தா வள்ளல் அழகப்பச் செட்டியார் மாதிரி வாழணும்னு சொல்லித்தான் பிள்ளைங்கள வளப்பாங்க. இங்க இருக்கிற சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தவரு, 1957ல போயிட்டாரு, அம்பது வயசு கூட ஆகல. பெரிய வாழ்க்கை, சந்தேகமே இல்ல.

பக்கத்துல ஆத்தங்குடில கல்லு போடுற, அதாவது தரைக்குப் பதிக்கிற டைல்ஸ கையால செய்யிற, அண்ணன எடுத்துக்குங்க. கண்ணாடி மேல அச்ச வச்சு, கலர் சிமெண்ட்ட ஒவ்வொரு கட்டமா ஊத்தி, அச்ச ஆடாம தூக்குவாரு பாருங்க, அப்புறம் மணலும் சிமெண்ட்டும் போட்டு அடைச்சு, காயவச்சு, தண்ணில ஊறப்போட்டு எடுத்தா அந்தக் கண்ணாடி வழவழப்பு அப்படியே கல்லுல வந்துரும். அவரு பேரு எதுலயும் இருக்காது. ஆனா எத்தன வீட்டுக் கல்யாணத்துல அது மேல உக்காந்து சாப்பிட்டிருக்கோம்! இது கொறஞ்ச வாழ்க்கைன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். அழகப்பர் கட்டுன காலேஜ்ல இந்த அண்ணன் பிள்ளையும் தானே படிக்கும்.